பஸூன் ஜெயசிங்கின் இருமல்

சங்கரன்கோவிலில் பஸூன் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேருக்கும் அதைக் காட்டியவர் ஜெயசிங்தான். கழுகுமலை ரோட்டுக்குத் தெற்கே, விசைத்தறிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும் தெருவில் கடைசி வீடு அவருடையது. பெட்டியைத் திறந்து நான்கு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் அந்தக் குழல் ஒரு ஆளின் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். பக்கவாட்டிலிருந்து கொக்கின் கழுத்தைப் போல ஒரு மெல்லிய உலோகக் குழாய் வளைந்து வரும். அதன் நுனியில் நாதசுரத்துக்குப் போடுவது போல ஒரு சீவாளி. யானை தூக்கத்தில் முனகுகிற மாதிரி சத்தம் வருகிறது என்று தெருவில் சொல்வார்கள். ஜெயசிங் அதைக் கேட்டுச் சிரிப்பார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது நடக்கும்போது அந்த இருமல் வந்தது.

இருமல் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அப்பா ஞானையா தறியில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, கடைசி இரண்டு வருடம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அப்போது ஜெயசிங்குக்குப் பதினேழு வயது. தறிக்கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை என்று அடக்கம் முடிந்த அன்றே முடிவு செய்துவிட்டார். மறுவருடம் பாளையங்கோட்டையில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது வரிசையில் நின்றார். தேவாலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகிய பையன் என்பதால் பேண்டு பிரிவுக்கு எடுத்தார்கள்.

இசைப் பயிற்சிப் பள்ளி மத்தியப் பிரதேசத்தில் ஒரு மலைமேல் இருந்தது. அங்கே பேண்டு மாஸ்டர் புதுப் பையன்களை நிறுத்தி, "கையை விரி" என்றார். மற்றவர்களுக்கு டிரம்பெட்டும் கிளாரினெட்டும் கிடைத்தன. ஜெயசிங்கின் விரல்கள் நீளம். பஸூனில் துளைக்குத் துளை இருக்கிற தூரத்துக்கு வேறு யாருக்கும் விரல் எட்டவில்லை. அப்படித்தான் அந்த வாத்தியம் அவர் கைக்கு வந்தது. மூன்று மாதம் அதைத் தொடவே பயந்தார். ஆறாம் மாதம் அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அணிவகுப்பில் பஸூனைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்பதால், அணிவகுப்பு நாளில் அவர் கையில் ஜால்ராவைக் கொடுத்துவிடுவார்கள். பதினெட்டு வருடம் ஜால்ராவும் பஸூனுமாக ஓடியது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது பஸூன் ராணுவத்திலேயே நின்றுவிட்டது. அது அவருடையது இல்லையே. கோவாவில் இறந்துபோன ஒரு கலைஞரின் வீட்டில் பழைய பஸூன் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஓய்வுத் தொகையில் பாதிக்கு மேல் கொடுத்து அதை வாங்கி வந்தார். மனைவி எப்சிபா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "சரி, வாங்கியாச்சு. ஊதிக் காட்டுங்க பாப்போம்" என்றாள். அவள் ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க். எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிறவள்.

அதன் பிறகு பதினோரு வருடம் ஜெயசிங்கை ஓட்டியது செல்போன்தான். சென்னையிலிருந்து ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுவார்கள், கொச்சியிலிருந்து கூப்பிடுவார்கள். டிசம்பர் வந்தால் பாளையங்கோட்டை, நாகர்கோவில் சபைகளில் கிறிஸ்துமஸ் இசைக் கூடுகை. சினிமாவில் தடியான போலீஸ்காரர் மாடிப்படி ஏறினால் அதற்கு ஜெயசிங். நாயகி திறக்கக் கூடாத கதவைத் திறந்தால் அதற்கும் ஜெயசிங். மிச்ச நாளில் ஒரு தனியார் பள்ளியில் வாரம் மூன்று நாள் நாற்பது பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் என்கிற பிளாஸ்டிக் ஊதுகுழல் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் வீட்டில் கீபோர்டும் வயலினும்.

யார் கூப்பிட்டாலும் அவர் முடியாது என்று சொன்னதில்லை. காய்ச்சலோடு ரயில் ஏறியிருக்கிறார். அம்மாவை அடக்கம் செய்து நாலாம் நாள் கொச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறார். "ஒருதடவ முடியாதுன்னா அப்புறம் போன் வராது" என்பார். சொந்த வேலை செய்கிறவனுக்கு இருக்கிற பயம் அது. அவருக்குக் கொஞ்சம் கூடுதல்.

இருமல் ஆவணியில் தொடங்கியது. வறட்டு இருமல். முதலில் அதை அவர் சட்டை செய்யவில்லை. பிறகு சில நாள் சாயங்காலமானால் உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வரும், காலையில் இறங்கிவிடும். புரட்டாசியில் பேண்ட்டுக்கு பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவர் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். அன்றைக்குத்தான் அப்பாவின் நினைவு வந்து அவர் நெஞ்சைப் பிடித்தது.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமத் தொடங்கினார். ஒருநாள் வெளியே வந்தபோது எப்சிபா வாசலில் நின்றாள்.

"எத்தன நாளைக்குக் குழாயத் திறந்து வச்சுக்கிட்டு இருமுவீங்க? தண்ணிதான் வீணாப் போகுது."

"தறித் தூசி. வேற ஒண்ணுமில்ல."

"தறி நாம குடிவந்த நாள்லருந்து ஓடுது. இப்ப மட்டும் என்ன?"

பதில் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டதோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரியது ஒன்று பள்ளிக்கூடத்தில் வைத்து வந்தது. பிரேயர் நேரத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இது காசநோயாக இருந்தால்? பத்து வருடமாக அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லையென்றால் அதன் கையிலிருக்கிற ரெக்கார்டரையே வாங்கி ஊதிக் காட்டி, சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். போன வாரம்கூட ஆறேழு பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுத்திருந்தார். கொடிக்கம்பத்துப் பக்கம் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிள்ளைகளிடமிருந்து தள்ளி நின்றே பாடம் நடத்தினார்.

"சார், கொரோனா திரும்பி வந்துட்டா?" என்று ஒருத்தன் கேட்டான். வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் ஒரு இடம் காலியாக இருப்பதை ஜெயசிங் அப்போதுதான் பார்த்தார். ரிஸானாவின் இடம். பத்து வயசுப் பிள்ளை. விசைத்தறி வைத்திருக்கும் காஜா மைதீனின் மகள்.

"அவளுக்கு இருமலும் காய்ச்சலும் சார்" என்றாள் பக்கத்துப் பிள்ளை.

போன வாரம் கடைசியாக வாங்கி ஊதிய ரெக்கார்டர் ரிஸானாவுடையது.

அன்று பிற்பகல் யாரிடமும் சொல்லாமல் அரசு மருத்துவமனைக்குப் போனார். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, சளியை எடுத்து வரச் சொன்னார்கள். டப்பாவைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வராந்தாவில் வரும்போது, எதிரே காஜா மைதீன் ரிஸானாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன சார், இங்கன?"

"சும்மா பாய். பிரஷர் பாக்கலாம்னு."

"பிள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். ரத்தம் எடுத்திருக்காங்க."

ரிஸானா அவரைப் பார்த்துச் சிரித்தாள். உடனே இருமினாள். ஜெயசிங் இரண்டடி பின்னால் போய், "வாரேன் பாய்" என்று திரும்பி நடந்தார். கைக்குள் டப்பா வியர்வையில் வழுக்கியது. வாசல் வேப்பமரத்தடியில் நின்று, "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு மட்டும் இருக்கக் கூடாது" என்று வாய்விட்டுச் சொன்னார். இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. காசநோய் இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை பார்த்தார்கள். அதிலும் இல்லை. ரிஸானாவுக்கு வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று வகுப்பில் தெரிந்தது. ஜெயசிங் எப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அந்த நிம்மதி ஒரு ராத்திரிதான் நின்றது. காலையில் பல் துலக்கும்போது மூச்சு வாங்கியது. காசநோய் இல்லையென்றால் இது என்ன?

எப்சிபா லீவு போட்டு அவரைத் திருநெல்வேலிக்கு நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் செல்வமணி ஐம்பது வயதுப் பெண்மணி, குறைவாகப் பேசுகிறவர். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மருத்துவர் படத்தைப் பார்த்தபோது எப்சிபா பக்கத்தில் இல்லை. இன்னொரு அறிக்கையை வாங்க வரிசையில் நின்றாள்.

"நுரையீரல் பூரா மூடுபனி விழுந்த மாதிரி இருக்கு" என்றார் மருத்துவர். "எதையோ தொடர்ந்து சுவாசிக்கிறீங்க. அதுக்கு உடம்பு சண்ட போடுது. வீட்ல புறா வளக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"பக்கத்துல மாட்டுத்தீவனம், வைக்கோல் கிடங்கு?"

"தறிக்கொட்டகை இருக்கு."

"என்ன வேல பாக்கீங்க?"

ஜெயசிங் ஒரு நொடி தயங்கினார். குழல் ஊதுகிறேன் என்று சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். டிசம்பர் இருபதாம் தேதி பாளையங்கோட்டை நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொண்டாயிற்று.

"மியூசிக் டீச்சர்" என்றார்.

மருத்துவர் எழுதிக்கொண்டார். கீபோர்டு என்று நினைத்திருப்பார். தறித் தூசியாக இருக்கலாம், கொஞ்ச நாள் அந்த வீட்டைவிட்டு வெளியே இருந்து பாருங்கள், குறையவில்லையென்றால் நுரையீரலில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும் என்றார். வெட்டி எடுப்பது என்ற வார்த்தை சங்கரன்கோவில் வரும்வரை பேருந்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

ராயகிரியில் எப்சிபாவின் அக்கா வீடு இருக்கிறது. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு துணிப்பையோடு அங்கே போனார்கள். பஸூன் பெட்டியைப் பேருந்து நெரிசலில் கொண்டுபோக வேண்டாம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை. நாலாம் நாளும் இல்லை. ஆறாம் நாள் வயல் வரப்பில் நடந்து கண்மாய்க்கரை வரைக்கும் போய் வந்தார். எட்டாம் நாள் இரண்டாம் தடவை சோறு கேட்டார். அக்கா புருஷன் நல்ல மனுஷன். "தம்பி, அந்த வீட்ட விட்டுருங்க. தறி ஓடுத தெருவுல மனுசன் இருக்க முடியுமா?" என்றார்.

பத்தாம் நாள், புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தார்கள். தறி இல்லை, தூசி இல்லை. காற்றில் எலுமிச்சை வாசம். லோடு ஆட்டோவில் சாமான் வந்தது. அதோடு பஸூனும் வந்தது.

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மறுநாள் நாலு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, பெட்டியைத் திறந்து, ஒன்றரை மணி நேரம் வாசித்தார். மூச்சு முன்போல இல்லை. ஆனாலும் வந்தது. கீழே எலுமிச்சை மூட்டை இறக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசானது.

எட்டு மணிக்கு நடுக்கம் வந்தது. பல் கிட்டியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் அடங்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்தால் பாதியிலேயே நின்றது. எப்சிபா விளக்கு வெளிச்சத்தில் அவருடைய நகங்களைப் பார்த்தாள். நீலமாக இருந்தன.

"இங்க தறி இல்லையே" என்றார் ஜெயசிங். "இங்க ஒண்ணுமே இல்லையேட்டி. அப்ப இது எனக்குள்ளதான் இருக்கு."

அப்பாவைப் போல அன்று அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். படுத்தால் செத்துவிடுவோம் என்று தோன்றியது. கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்குப் போன் போடவா என்று எப்சிபா கேட்டாள். "வேண்டாம், பிள்ள பயந்துரும்" என்றார். விடியும்போது காய்ச்சல் இறங்கியது. அன்று முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் உடம்பு கொஞ்சம் தேறியதும் மறுபடி வாசித்தார். மறுபடி அதேபோல வந்தது, முன்னைவிட மோசமாக.

காலையில் எப்சிபா வேலைக்குக் கிளம்பவில்லை. சபை காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். ஆவணியிலிருந்து அவருக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு நாளையும் பென்சிலால் சுழித்து வைத்திருந்தாள். அவருக்கு அது தெரியாது.

"எந்தெந்த நாள் இத ஊதுனீங்கன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்க."

ரெக்கார்டிங் தேதிகளும் அதற்கு முந்தின பயிற்சி நாட்களும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் விரல் வைத்தாள். கொச்சி போன நாள், சுழி. அதற்கு முந்தின மூன்று நாள் பயிற்சி, மூன்று சுழி. காலாண்டுத் தேர்வுக் கண்காணிப்புக்காகப் பத்து நாள் பெட்டியைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நாளும் வெள்ளை. ராயகிரி முழுக்க வெள்ளை.

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது.

"வாய மூடு. கிளார்க்கு வேலைய ஆபீசோட வச்சுக்க."

இருபத்துமூன்று வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. எப்சிபா காலண்டரை மடியில் வைத்துக்கொண்டாள். மெதுவாகச் சொன்னாள்.

"மூணு நாளைக்கு முன்னால ராத்திரி நீங்க சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்ததப் பாத்தேன். உங்க அப்பாவ நான் பாத்ததில்ல. நீங்க சொல்லித்தான் தெரியும். அன்னைக்குப் பாத்துட்டேன். எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க இல்லாமப் போயிருவீங்களோன்னு பயமா இருக்கு."

ஜெயசிங் பெட்டியை இழுத்து மடிமேல் வைத்தார். காசநோய் என்று நினைத்தபோதுகூட இவ்வளவு பயம் வந்ததில்லை. வந்த நோய்க்கு மருந்து இருக்கும். இந்தக் குழல்தான் நோய் என்றால் அவர் என்ன ஆவது?

ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்ததும் துணியை இழுத்து உள்ளே துடைக்கிறவர்தான் அவர். அது ராணுவப் பழக்கம். ஆனால் குழலின் கீழ்த்துண்டான அடிக்கட்டையில் ஒரு இடம் இருந்தது. மூச்சு ஒரு துளை வழியாகக் கீழே இறங்கி, வளைந்து, இன்னொரு துளை வழியாக மேலே ஏறும் திருப்பம் அது. அதை ஒரு உலோக மூடி மூடியிருக்கும், உள்ளே இரண்டு சின்னத் திருகாணிகள். வாங்கியபோதே திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தது. உடைந்தால் மாற்றுச் சாமான் கிடைக்காது. அந்தப் பயத்தில் பதினோரு வருடமாக அதை அவர் திறக்கவே இல்லை. அடிக்கட்டையைக் கவிழ்த்து, மூச்சின் ஈரம் சேர்ந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வைத்துவிடுவார்.

தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். மூக்குக்கண்ணாடி திருகும் சின்னத் திருப்புளியை வைத்து அழுத்தினார். முதல் திருகாணி கிரீச்சென்று கத்திக்கொண்டு நகர்ந்தது. இரண்டாவதின் தலை பாதி உடைந்தது, ஆனாலும் வந்துவிட்டது. மூடியை இழுத்தார்.

ஈரச்சாக்கு மக்கிய நாற்றம். உள்ளே இருந்த கார்க்குத் தகடு கறுத்திருந்தது. அதன்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூனை ரோமம் போலப் பூசணம் பூத்துக் கிடந்தது. மூடி அசைந்ததும் வெயிலில் மெல்லிய தூள் பறந்தது.

"மூச்சு விடாதீங்க!" என்று எப்சிபா கத்தினாள். சேலைத் தலைப்பை அவர் மூக்கில் வைத்து அழுத்தி, அவரைப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள்.

பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிய அடிக்கட்டையை டாக்டர் செல்வமணி பையைப் பிரிக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நிறுத்தச் சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன் மேடம்."

"இப்பவும் நிறுத்தத்தான் சொல்லுதேன்."

பூஞ்சையின் தூள் ஒவ்வொரு மூச்சோடும் நுரையீரலுக்குள் போயிருக்கிறது, இது யாருக்கும் தொற்றாது என்று அவர் விளக்கினார். தொற்றாது என்ற வார்த்தையை ஜெயசிங் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். வெட்டி எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஆறு மாதம் ஊதவே கூடாது. மாத்திரை. கொஞ்சம் இடம் தழும்பாகிவிட்டது, அது திரும்பாது. இன்னும் ஒரு வருடம் இப்படியே போயிருந்தால் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் நடமாட வேண்டியிருந்திருக்கும் என்றும் சொன்னார்.

வெளியே வந்து பாளையங்கோட்டைக்குப் போன் செய்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக, "என்னால முடியாது" என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் நல்லவர்தான். "பரவாயில்ல சார், கீபோர்டுலயே அந்த சவுண்டு இருக்கு. சமாளிச்சுக்கிடுதோம்" என்றார். ஜெயசிங் போனைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றார். பிறகு ஐந்து மாதம் எந்த ஊரிலிருந்தும் கூப்பிடவில்லை.

பொங்கலுக்குப் பிறகு பழைய வீட்டுக்கே திரும்பினார்கள். பள்ளி திறந்த முதல் நாள் அவர் செய்த வேலை, அலமாரியிலிருந்த நாற்பது ரெக்கார்டர்களையும் கழற்றிப் பார்த்தது. ஒன்பதில் இணைப்பு இடத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. தலைமையாசிரியை பதறினார். "சார், கழுவி வச்சுருவோம். பேரண்ட்ஸ்ட்ட சொன்னா பெரிய பிரச்சன ஆயிரும்" என்றார்.

"நான் சொல்லாம இருந்து இருந்துதான் மேடம் இந்த நெலமைக்கு வந்தேன்."

சனிக்கிழமை பெற்றோர் வந்தார்கள். கறுப்பு விழுந்த ஒன்பது ரெக்கார்டர்களையும் மேசைமேல் வைத்து, தனக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னார். ஒரு அம்மா பாதியிலேயே எழுந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். "பிள்ளைகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று ஒருத்தர் சத்தம் போட்டார். எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்திருப்பதை ஜெயசிங் சொன்னார். பிறகு யாருக்கும் எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் பதினோரு பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள்.

எல்லாரும் போனபிறகு காஜா மைதீன் மட்டும் நின்றார். ஜெயசிங் அவர் முன்னால் போய், "பாய், அன்னைக்கு ஆஸ்பத்திரில உங்ககிட்ட பொய் சொன்னேன். பிரஷர் பாக்க வரல" என்றார்.

"தெரியும் சார். உங்க கையில இருந்த டப்பாவப் பாத்தேன். எங்க வாப்பாவுக்கு ஒரு வருசம் நான் வாங்கிக் குடுத்த டப்பா அது."

"அப்புறம் எப்படி பிள்ளைய அனுப்புனீங்க?"

"வேண்டாம்னுதான் நெனச்சேன். சார் மூக்க மூடிக்கிட்டுத் தள்ளி நிக்காரு, யார் குழலையும் வாங்கி ஊத மாட்டேங்காருன்னு பிள்ளைக சொல்லிச்சு. இம்புட்டுப் பயப்படுத மனுசன் நம்ம பிள்ளைய ஆபத்துல விட மாட்டாருன்னு தோணிச்சு. அனுப்பிட்டேன்."

ஜெயசிங் மேசையில் கையூன்றிக்கொண்டார். காஜா மைதீன் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பஸூன் கொச்சியில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் நாலு மாதம் கிடந்தது. திரும்பி வந்தபோது அடிக்கட்டையின் உள்பூச்சு, கார்க்கு, திருகாணி எல்லாம் புதுசு. ஆனி மாதம் மூச்சுப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, தினம் பதினைந்து நிமிடம் ஊதலாம், வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.

அனுமதி கிடைத்தும் ஒன்பது நாள் ஜெயசிங் குழலை ஊதவில்லை. சீவாளியை ஊறவைப்பார், எடுத்துத் திரும்ப வைத்துவிடுவார். பத்தாம் நாள் மத்தியானம் எப்சிபா தெர்மாமீட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, "ஊதுங்க. நான் இருக்கேன்" என்றாள். பத்து நிமிடம் வாசித்தார். பிறகு இரண்டு பேரும் டிவி கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணி. ஆறு மணி. ஏழு மணிக்கு மின்விசிறிக் காற்றில் அவர் கை சிலிர்த்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெர்மாமீட்டரை வைத்தாள். காய்ச்சல் இல்லை. எட்டு மணிக்கும் இல்லை.

"நாளைக்கும் பாப்போம்" என்றார் அவர். சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை.

இப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் சோப்புத் தண்ணீருக்கு. பாடத்தைவிடக் கழுவுதல்தான் ஜாஸ்தி என்று சில பெற்றோருக்குக் குறை. நின்றுபோன பிள்ளைகளில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். ரெக்கார்டிங் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. யாராவது கூப்பிட்டால், "எனக்குப் பன்னிரண்டு செகண்டுக்கு மேல ஒரே மூச்சுல வராது. சம்மதம்னா வாரேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிடுவார்கள்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒருத்தர் சம்மதம் என்றார். போய் வாசித்தார். பதினெட்டு செகண்டு நிற்க வேண்டிய சுரத்தை இரண்டாகப் பிரித்து வாசிக்க, அவர்கள் கணினியில் ஒட்டிக்கொண்டார்கள். வெளியே வந்து லிஃப்டில் இறங்கும்போது ஒரு இருமல் வந்தது. ஏசிக் குளிராக இருக்கும். தண்ணீர் குடித்தார். இன்னொன்று வந்தது. ரயிலில் ஏறி மேல்பெர்த்தில் படுத்தவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். விழுப்புரத்தில் தொட்டார். திருச்சியில் தொட்டார். தன் கைக்குத் தன் சூடு தெரியாது என்று தெரிந்தும் தொட்டார்.

காலையில் சங்கரன்கோவில் நிலையத்தில் எப்சிபா ஸ்கூட்டரோடு வந்திருந்தாள். அவள் பெட்டியை வாங்கும் முன்பே புறங்கையை அவர் கழுத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"சுடல" என்றாள்.

"ரெண்டு தடவ இருமுனேன்."

"சரி. சாயங்காலம் பாப்போம். இப்ப இட்லி வாங்கிட்டுப் போவோமா?"

"ம்" என்றார் ஜெயசிங். பஸூன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தார்.